பெண் சாயலும் முக எலும்பும்: ஒரு விளக்கம்

பேடு என்ற சொல்லை எந்தப் பாலில் சேர்ப்பது என்று நம் இலக்கண ஆசிரியர்கள் மெனக்கெட்டு யோசித்திருக்கிறார்கள். ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயர் ஆண்பால் சொல்லோடு முடியாது என்பது தொல்காப்பியர் விதி. பிற்காலத்தில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இன்னும் தெளிவாகவே சொன்னார். ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்பும் பேட்டைப் பெண்பாலிலும், பெண்மையை விட்டு ஆண்மையை விரும்பும் பேட்டை ஆண்பாலிலும் வைத்தார். இருவரும் அஃறிணை போலவும் வருவர் என்று ஒரு வாலும் சேர்த்தார். அதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. ஆனாலும் கவனியுங்கள், பிறந்த உடம்பைப் பார்க்காமல் விரும்பும் பால் எதுவோ அதைப் பார்த்துத்தான் அவர் பால் வகுத்திருக்கிறார். சமண நூல்களில் உடம்பின் குறி வேறு, உள்ளத்தின் சாய்வு வேறு என்று திரவிய வேதம், பாவ வேதம் என இரண்டாகப் பிரித்துப் பேசும் மரபு உண்டு. இன்றைய கருத்தோடு அது அச்சு அசலாகப் பொருந்தாது. ஆனால் அந்தப் பிரித்துப் பார்க்கும் பழக்கம்தான் முனிவரின் இலக்கணத்திலும் வந்து விழுந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இலக்கணத்தில் தீர்ந்தது தெருவில் தீர்வதில்லை. அதிலும் நம்மைப் போல ஊர் விட்டு வந்தவர்களுக்கு ஒரு கூடுதல் சங்கடம். தமிழில் ஒருவரைப் பார்த்து ‘எங்கே போறீங்க?’ என்றால் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கத் தேவையே இல்லை. இந்தியில் அப்படி முடியாது. ‘கஹாங் ஜா ரஹே ஹைங்’ என்பதா, ‘ஜா ரஹீ ஹைங்’ என்பதா? காய்கறிக்காரர், ஆட்டோக்காரர், ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் எல்லோரும் வாயைத் திறக்கும் முன் முகத்தைப் பார்த்து ஒரு தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். ஒரு திருநங்கைக்கு அந்தத் தீர்ப்பு நாளொன்றுக்கு ஐம்பது முறை வருகிறது. தீர்ப்பு தப்பாகப் போகிற இடத்தில் சில நாள் சிரிப்பு, சில நாள் அடி.

நம் சங்கத்துக் குடும்பங்களிலும் இப்படிப் பிள்ளைகள் உண்டு. பெயர் எதற்கு? ‘ஒரு ஆபரேஷன்தான் ஆயிடுச்சே, இனிமே முகத்தையும் வெட்டணுமா?’ என்று ஒரு தாயார் கேட்டார். நியாயமான கேள்வி. நான் பாத்திர வியாபாரி, மருத்துவன் அல்ல. படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். முடிவு அவரவர் மருத்துவரோடு பேசி எடுக்க வேண்டியது.

முதலில் ஹார்மோன். ஈஸ்ட்ரோஜன் மருந்து எடுத்துக்கொண்டால் தோல் மென்மையாகும், கன்னத்திலும் இடுப்பிலும் கொழுப்பு படியும் விதம் மாறும். பல பெற்றோர் எல்லாம் அதிலேயே ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. பருவ வயதில் ஆண் ஹார்மோன் வளர்த்துவிட்ட எலும்பை எந்த மாத்திரையும் திருப்பிக் குறைக்காது. முளைத்த தாடி வேரோடு போகாது, உடைந்த குரல் திரும்பாது. மிச்சம் நிற்கிற இந்த இடத்தில்தான் முக அறுவை வருகிறது.

இதன் கதை அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்குகிறது. அங்கே டக்ளஸ் ஔஸ்டர்ஹௌட் என்றொரு மண்டையோட்டு-முக அறுவை நிபுணர். பிறவியிலேயே முக எலும்பு கோணலான குழந்தைகளுக்கும் விபத்தில் முகம் நொறுங்கியவர்களுக்கும் அறுவை செய்து பழகியவர். பால் மாற்று அறுவை செய்துகொண்ட ஒரு திருநங்கை, உடம்பு மாறியும் வெளியில் பார்ப்பவர்கள் தன்னை ஆணாகவே நடத்துகிறார்கள் என்று முறையிட, அவருக்கு அறுவை செய்த சக மருத்துவர் 1982இல் அவரை ஔஸ்டர்ஹௌட்டிடம் அனுப்பினார். இவர் உடனே கத்தியைத் தூக்கவில்லை. ஆண் முகம், பெண் முகம் என்பதெல்லாம் எலும்பில் எங்கே இருக்கிறது என்று பழைய மானிடவியல் நூல்களைப் புரட்டினார். அவ்வூர்ப் பல் மருத்துவக் கல்லூரியில் இருந்த மண்டையோட்டுத் தொகுப்பை அளந்து பார்த்தார். நெற்றி அறுவை பற்றிய அவருடைய கட்டுரை 1987இல் வெளிவந்தது. இன்றும் உலகெங்கும் இந்த அறுவை செய்பவர்கள் அவர் போட்ட பாதையில்தான் போகிறார்கள்.

அவர் கண்டதில் முக்கியமானது நெற்றி. நாம் மூக்கு, தாடை என்று நினைப்போம். கண்ணாடி முன் நின்று புருவத்துக்கு மேலே விரலால் தடவிப் பாருங்கள். ஆண்களுக்குப் பெரும்பாலும் அங்கே ஒரு வரம்பு போல எலும்பு துருத்தி நிற்கும். கண் அதன் நிழலில் உள்வாங்கித் தெரியும். பெண்களுக்கு நெற்றி வழவழப்பாக இறங்கி மூக்கோடு சேரும். பின்னாளில் 2011இல் ஸ்பீகல் என்ற அமெரிக்க மருத்துவர் வெளியிட்ட ஆய்விலும், பார்ப்பவர் பெண் என்று சொல்வதற்கு நெற்றி மாற்றமே அதிகம் உதவுகிறது என்று வந்தது.

துருத்தியதைத் தேய்த்துவிட்டால் போச்சு என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். புருவ எலும்புக்குப் பின்னால் பெரும்பாலோருக்குக் காற்றறை ஒன்று, சைனஸ், இருக்கிறது. என் தொழில் உவமையில் சொல்கிறேன். கனமான வெண்கல உருளியில் ஒரு மேடு இருந்தால் அரம் போட்டுத் தேய்த்துவிடலாம். மெல்லிய தகட்டுச் சொம்பின் வயிறு துருத்தியிருந்தால் அரம் போட முடியுமா? ஓட்டைதான் விழும். அதனால் நெற்றிக்கு மூன்று வழி வைத்திருக்கிறார்கள். எலும்புச் சுவர் தடிப்பாகவோ காற்றறையே இல்லாமலோ இருந்தால் தேய்ப்பது. துருத்தல் குறைவாக இருந்து அதன் மேலே பள்ளம் இருந்தால், எலும்புச் சிமெண்டால் பள்ளத்தை நிரப்பி வளைவை ஒழுங்காக்குவது. பெரும்பாலோருக்குத் தேவைப்படுவது மூன்றாவது வழி. காற்றறையின் முன்சுவரைப் பெயர்த்தெடுத்து, வடிவம் திருத்தி, உள்ளே தள்ளிப் பொருத்தி, கம்பியாலோ சிறு டைட்டானியத் தகடுகளாலோ இறுக்குவது. எந்த வழி என்று சி.டி. ஸ்கேன் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். ஸ்கேன் எடுக்காமலே ‘நெற்றியைச் சரி பண்ணிடலாம்’ என்று விலை பேசுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கீறல் முகத்தில் விழாது. முடி தொடங்கும் ஓரத்திலோ, தலையின் குறுக்கே முடிக்குள்ளோ போகும். ஓரத்தில் போட்டால் இரண்டு காரியம் சேர்ந்து நடக்கும். ஆண்களுக்கு இரு பக்கமும் ஏறிப்போன முடிவரிசையைத் தலைத்தோலை முன்னிழுத்து இறக்கலாம், புருவத்தையும் சற்று உயர்த்தலாம். போதாத இடத்துக்குப் பின்னால் முடி நடுவார்கள். உச்சந்தலை பல மாதம் மரத்துக் கிடக்கும். சிலருக்கு ஒரு பகுதி மரத்தே போய்விடும். புருவத்தைத் தூக்கும் நரம்பு பாதிக்கப்படுவதும், காற்றறையில் பிற்பாடு சளி அடைத்துத் தொல்லை தருவதும், அரிதாக மூளைநீர் கசிவதும் உண்டு. சொல்லிவிடுவது நல்லது.

மூக்கும் உதடும் சுருக்கமாக. நெற்றி உள்ளே போனால் மூக்கு எடுப்பாகத் தெரியும் என்பதால் இரண்டையும் சேர்த்தே திட்டமிடுவார்கள். மூக்கடிக்கும் மேலுதட்டுக்கும் இடையிலுள்ள தூரம் ஆண்களுக்குச் சற்று நீளம். மூக்கடியில் ஒரு கீற்றுத் தோலை எடுத்து உதட்டை உயர்த்துவார்கள். கன்னத்துக்குச் சொந்தக் கொழுப்பையே எடுத்து ஏற்றலாம், அதில் ஒரு பங்கு கரைந்துவிடும்.

தாடை அப்படிச் சுருக்கமாக முடிகிற சமாசாரம் அல்ல. காதுக்குக் கீழே தாடை வளைகிற மூலை ஆண்களுக்கு வெளிப்பக்கம் விரிந்து, மோவாய் அகன்று சதுரமாக நிற்கும். வாய்க்குள்ளேயே கீறி அந்த மூலையை அறுத்தோ தேய்த்தோ குறைப்பார்கள். மோவாய் எலும்பைத் துண்டித்துக் குறுக்கி, நகர்த்திப் பொருத்துவார்கள். கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு தாடை எலும்புக்கு உள்ளேயே ஓடுகிறது. கை கொஞ்சம் தவறினால் கீழுதடும் மோவாயும் மரத்துப்போகும். காப்பி வழிவதுகூடத் தெரியாது. வயது கூடியவர்களுக்கு எலும்பு குறைந்த பிறகு தோல் தொங்குவதும் உண்டு. தென்கொரியாவில் பெண்ணாகவே பிறந்த எத்தனையோ பேர் அழகுக்காக இதே தாடைக் குறைப்பைச் செய்துகொள்கிறார்கள். அவர்களை யாரும் ஏன் என்று கேட்பதில்லை!

தொண்டை முடிச்சைச் சீவுவது சின்ன அறுவை என்பார்கள். சின்னதுதான். ஆனால் அந்தக் குருத்தெலும்பின் உட்பக்கத்தில்தான் குரல்நாண்கள் வந்து ஒட்டுகின்றன. ஆசைப்பட்டு அதிகம் சீவினால் குரல் கரகரத்துக் கெட்டுவிடும். இதனால் குரல் பெண்மையாகும் என்று நம்புவது தப்பு. குரலுக்குப் பயிற்சி தனி, அறுவையும் தனி.

இனி கத்தியில்லாத வழிகள். நாடகக் கம்பெனிக் காலத்தில் ஸ்திரீபார்ட் நடிகர்கள் அரிதாரத்தாலும் முடிச் சுருளாலும் நெற்றியை மறைத்தே பெண்களைச் சொக்க வைத்தார்கள். மராத்தி மேடையில் பால கந்தர்வர் (1888–1967) உடுத்திய சேலைக்கட்டைப் பார்த்துப் பெண்கள் உடுத்தினார்களாம். ஆனால் மேடைக்கு விளக்கும் தூரமும் துணை. பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிறவருக்கு முதலில் தெரிவது தாடி நிழல்தான். இடுக்கியால் பறித்தால் போகாது. எங்கள் முனிவர்கள் தலைமயிரையும் தாடியையும் கையால் பறித்துக்கொள்ளும் நோன்பைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வேர்ப்பை இருக்கும்வரை மயிர் மறுபடி வரும். லேசர் ஒளி மயிரின் கருநிறத்தைப் பிடித்து வேரைச் சுடுகிறது. அதனால் நரைமயிரில் பலிக்காது; நம்மைப் போன்ற கறுத்த தோலில் தவறான கருவி வைத்தால் தோலே வெந்து கறை விழும். நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்.டி. யாக் லேசர் பாதுகாப்பானது. ஒவ்வொரு மயிராக ஊசி விட்டு மின்சாரத்தால் அழிக்கும் எலக்ட்ராலிசிஸ் எந்த நிறத்துக்கும் ஆகும். ஆனால் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பொறுமை வேணும். என்னைக் கேட்டால், பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் முதல் ரூபாயை இதற்குத்தான் செலவழிக்க வேண்டும்.

கன்னம், உதட்டுக்கு ஹயலூரானிக் அமில ஃபில்லர் ஊசிகள் உண்டு. சில மாதங்களிலிருந்து ஒன்றரை வருடம் வரை நிற்கும். தாடைத் தசை மெலிய போடாக்ஸ், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை. இவையும் தெரிந்த மருத்துவர் கையால்தான் ஆக வேண்டும். ஃபில்லர் ரத்தக்குழாய்க்குள் போனால் பார்வையே போகலாம். ஏழைத் திருநங்கையர் மலிவு என்று மருத்துவர் அல்லாதவர்களிடம் சிலிக்கான் திரவம் குத்திக்கொள்வது பல நாடுகளில் நடக்கிறது. அது உள்ளே நகரும், கட்டி கட்டியாக இறுகும், நுரையீரலுக்குப் போய் உயிரையே வாங்கும். பிள்ளைகளை வீட்டை விட்டுத் துரத்துகிற குடும்பங்கள் அவர்களை எந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்துகின்றன என்று இதை வைத்தே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஆட்சேபம் எனக்கும் உண்டு. முக அளவு அட்டவணைகளில் பெரும்பகுதி வெள்ளையர் முகங்களை அளந்து எழுதியவை. நம் அத்தைமார் பாட்டிமாரில் அகன்ற மூக்கும் அழுத்தமான மோவாயும் உள்ளவர்கள் எத்தனை பேர்! அவர்கள் பெண் இல்லையா? அதனால் மருத்துவரிடம் போகும்போது சினிமா நடிகை படத்தை விட்டுவிட்டு, சொந்த அக்கா, சித்தி, பாட்டி படங்களைக் கொண்டு போங்கள். அந்தக் குடும்பத்துப் பெண்ணாகத் தெரிந்தால் போதும் அல்லவா? கறுத்த தோலில் தழும்பு தடித்து வளரும் உடல்வாகு வீட்டில் யாருக்காவது இருந்தால் அதையும் முதலிலேயே சொல்ல வேண்டும்.

இது வெறும் அலங்காரமா என்ற கேள்விக்கு, 2010இல் அமெரிக்காவில் 247 திருநங்கையரைக் கேட்டு வெளியான ஆய்வு ஒரு பதில். அறுவை எதுவும் செய்யாதவர்களின் மனநலம் பொதுவான பெண்களைவிடக் குறைந்திருந்தது. முக அறுவை செய்துகொண்டவர்களிடம் அந்தக் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒரே ஒரு நேரக் கணக்கெடுப்புதான் அது, வசதியுள்ளவர்கள்தான் அறுவை செய்திருப்பார்கள் என்றும் வாதாடலாம். 2022இல் வெளியான உலகத் திருநர் நல மருத்துவச் சங்கத்தின் எட்டாம் பதிப்பு வழிகாட்டி, முக அறுவையையும் தேவைப்படுவோருக்கான மருத்துவச் சிகிச்சைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. தமிழ்நாட்டில் 2008இலேயே நல வாரியம் அமைந்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டமும் பால் மாற்று அறுவைக்கும் ஹார்மோன் சிகிச்சைக்கும் அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது. முகம் அந்த வரிசையில் பெயர் சொல்லி வரவில்லை. ஆகவே செலவு பெரும்பாலும் கைப்பணம், லட்சக் கணக்கில். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தாக வேண்டும் என்பதில்லை. நெற்றி ஒரு வருடம், தாடை ஒரு வருடம் என்று பிரித்துச் செய்துகொள்பவர்களும் இருக்கிறார்கள். வளர்ச்சி நிற்காத வயதில் எலும்பில் கை வைக்கக் கூடாது.

வீட்டார் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. புகைபிடிக்கிற பழக்கம் இருந்தால் பல வாரம் முன்பே நிறுத்த வேண்டும். நிகோடின் தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து ஆறவிடாது. ஹார்மோன் மாத்திரையை இடையில் நிறுத்துவதா தொடர்வதா என்று மருத்துவரையே கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் தலையை உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டும், மூக்கைச் சிந்தக் கூடாது. தாடை அறுவை என்றால் கஞ்சி, பருப்புத் தண்ணி, குழைந்த சாதம் என்று நாட்கள் போகும். ஒவ்வொரு வேளையும் வாய் கொப்பளிக்க வேண்டும். முதல் வாரம் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, கண் கறுத்துக் கிடக்கும். பார்த்துவிட்டு யாரும் அழ வேண்டாம், பிள்ளை அதைத்தான் முதலில் கவனிக்கும். பெரும்பகுதி வீக்கம் சில வாரங்களில் வடியும். மிச்சம் வடிந்து முகம் தன் வடிவத்துக்கு வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும்.