பெரிய வெள்ளத்துக்கு முந்திய வருஷத்து றலி

துவிச்சக்கரவண்டி ஒன்று வாங்கப் போகிறோம் என்று நாம் வீட்டில் அறிவித்தபோது எவரும் சிரிக்கவில்லை. வேறோர் ஆண்டாயிருந்தால் நிச்சயமாகச் சிரித்திருப்பார்கள். ஆனால் அது 2022ஆம் ஆண்டின் ஆனி மாதம். பெற்றோல் நிலையங்களின் முன்னே வாகன வரிசைகள் தெருமுனை கடந்து நீண்டு கிடந்தன. மோட்டார் சைக்கிள்களுக்குத் துணி போர்த்தி மூலையில் நிறுத்திவிட்டு உத்தியோகத்தரும் உபாத்தியாயரும் கால்நடையாகத் திரிந்தனர். புதிய சைக்கிள் வாங்கலாமென்று கடைக்குப் போனால், சென்ற கிழமை சொன்ன விலை இந்தக் கிழமை இல்லை.

இந்நிலையிலேதான், அமிர்தகழியில் ஒரு வீட்டின் பின்தாழ்வாரத்தில் பழைய சைக்கிளொன்று கிடக்கிறதென்றும், பழைய இரும்பு வாங்குபவர் இரண்டொரு நாளில் அதை எடுக்க வருகிறாரென்றும் நண்பரொருவர் சொன்னார். அன்று மாலையே புறப்பட்டோம். மாமாங்கேஸ்வரர் ஆலயத்தைக் கடந்து வாவிப் பக்கமாகச் செல்லும் மணல் ஒழுங்கையில் அந்த வீடு இருந்தது. எண்பதைக் கடந்த ஓர் அம்மையார் திண்ணையில் அமர்ந்திருந்தார். அவருடைய மகன், தாமும் ஓய்வு பெற்றவரே, எம்மைப் பின்புறம் அழைத்துச் சென்றார்.

விறகுக் கட்டுக்கும் கிழிந்த வலைக்கும் நடுவே சுவரிற் சாய்ந்திருந்தது வண்டி. ரயர்கள் வெடித்துத் தும்பு தும்பாகத் தொங்கின. தோலாசனம் காய்ந்த கருவாடுபோல் வளைந்திருந்தது. பின்பக்க மட்காட்டில் கையகல நெளிவு. 1978 நவம்பர்ச் சூறாவளியில் மதில் விழுந்து நேர்ந்தது அதுவென்றார் மகன்.

பழைய ஆங்கிலேய வண்டியைக் கண்டால் முதலிற் பெயர்த்தகட்டைத் தேட வேண்டியதில்லை. பெடலோடு சுழலும் பெரிய பற்சக்கரத்தைப் பார்த்தாற் போதும். அதில் மனிதக் கை வெட்டப்பட்டிருந்தால் றட்ஜ்; கைகோத்த மனித உருவங்கள் இருந்தால் ஹம்பர். நாரைத் தலைகள் இருந்தால் றலி. எமக்கு முன்னே இருந்த சக்கரத்தில், துருவுக்கடியில், மூன்று நாரைகள் கழுத்தை வளைத்து நின்றன. நொட்டிங்ஹாம் நகரின் றலி வீதியில் 1880களின் பிற்பகுதியில் சிறு பட்டறையாகத் தொடங்கிய நிறுவனம் அது. 1932இல் ஹம்பரையும் 1943இல் றட்ஜையும் அதுவே விலைக்கு வாங்கிற்று. ஆகவே எங்கள் தந்தையர் எது சிறந்ததென்று தெருச் சந்திகளில் வாதாடிய மூன்று வண்டிகளும் பிற்காலத்தில் ஒரே நிறுவனத்தின் பிள்ளைகளாகிவிட்டன. அந்த நொட்டிங்ஹாம் தொழிற்சாலை 2002இல் மூடப்பட்டு விட்டது.

அழகைக் கண்டு மயங்கிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடக் கூடாது. ரயர், ரியூப், செயின், பிறேக்குக் கட்டைகள் யாவும் மாற்றக்கூடியவை; அவை எவ்வளவு கெட்டிருந்தாலும் கவலையில்லை. சட்டம் ஒன்றே வண்டியின் உயிர். வாவியும் கடலும் இருபுறமும் சூழ்ந்த எமது பகுதியில் இது மேலும் உண்மை. உப்புப் படிந்த இரும்பு காற்றின் ஈரத்தைத் தானே இழுத்து வைத்துக்கொள்ளும். மழை பெய்யாத நாளிலும் அது நனைந்தே இருக்கும். வெளியே பூச்சு நன்றாயிருக்க, குழாயின் உட்புறம் செல்லரித்த பனையோலைபோல் ஆகியிருக்கவும் கூடும். நாம் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தோம். உள்ளே கலகலவென்று துருப்பொடி உதிர்ந்தது. பெடல் அச்சு செல்லும் பெட்டியே எல்லாக் குழாய்களின் நீரும் வந்து தங்குமிடம். அதைச் சுற்றிக் கூரிய ஆணியால் அழுத்திக் குத்திப் பார்த்தோம். ஆணி எங்கும் இறங்கவில்லை. அடுத்து, கைபிடித் தண்டு நுழையும் முன்குழாயின் அடிப்பக்கம் பூச்சுச் சுருங்கியிருக்கிறதா என்று விரலால் தடவினோம். எங்கேனும் மோதிய வண்டியானால் அங்கே தோல் சுருங்கினாற்போல் பூச்சு மடிந்திருக்கும். அதுவும் இல்லை. பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தபோது இரு சக்கரங்களும் ஒரே கோட்டில் நின்றன.

ஆசனத்தண்டு மட்டும் அசைய மறுத்தது. அதைக் குறித்து வைத்துக்கொண்டு விலை பேசத் தொடங்கினோம்.

மகன் 30,000 ரூபா கேட்டார். “இது உலக யுத்தத்துக்கு முந்தின வண்டி, இப்ப இதைத் தேடித் திரியிற ஆக்கள் இருக்கினம்” என்றார். திண்ணையிலிருந்து தாயார் குரல் கொடுத்தார்: “யுத்தமும் இல்ல ஒண்டும் இல்ல, மனே. பெரிய வெள்ளத்துக்கு முந்தின வருஷம் உங்கட அப்பா படிப்பிக்கத் தொடங்கினவர். அப்ப வாங்கினது.”

கிழக்கிலங்கையில் வயது முதிர்ந்தோர் பெரிய வெள்ளம் என்றால் அது 1957ஆம் ஆண்டு டிசெம்பர் வெள்ளம். அதற்கு முந்திய வருஷம் 1956. மகனோ தாயாருக்கு மறதி என்று மெல்லக் கண் காட்டினார். இந்த வழக்கைத் தீர்க்கச் சாட்சி ஒன்று வண்டியிலேயே இருந்தது. பின்சக்கரத்தின் குடம் மூன்று கியர்களை வயிற்றில் அடக்கிய ஸ்ரேர்மி-ஆர்ச்சர் குடம். இந்நிறுவனத்தார் குடத்தின் மேலோட்டில் தம் பெயரோடு, அது செய்யப்பட்ட ஆண்டையும் மாதத்தையும் பொறித்து அனுப்புவது வழக்கம். எம் கைக்குட்டையில் எச்சில் தொட்டுத் துடைத்தோம். ‘55’ என்றும் அருகே ‘11’ என்றும் தெளிந்தது. 1955 நவம்பரில் வார்த்த குடம், கப்பலேறிக் கொழும்பு வந்து, மட்டக்களப்பை அடைந்து 1956இல் விலைபோயிருக்கிறது. சக்கரம் இடையில் மாற்றப்பட்டதாகவும் இருக்கலாமென்பதால் குடத்தின் சாட்சியை மட்டும் கொண்டு வண்டியின் வயதை முடிவு செய்ய இயலாது; ஆனால் குடமும் தாயாரும் ஒரே வருஷத்தைச் சொல்லும்போது ஐயத்துக்கு இடமேது? மகன் சிரித்துவிட்டார். இரும்புக்காரர் தருவதாகச் சொன்னது 2,500. நாம் 15,000 கொடுத்தோம். அம்மையார் பணத்தை எண்ணவில்லை. “ஆடியமாவாசைக்குள்ள ஓடுமா?” என்று மட்டும் கேட்டார். கல்லடியில் குடியிருந்த காலத்தில், மகனை முன்தண்டிலும் தம்மைக் கரியரிலும் ஏற்றி, 1924இல் கட்டிய அந்தப் பழைய இரும்புப் பாலத்தைக் கடந்து மாமாங்கத் தீர்த்தத்துக்குக் கணவர் அழைத்து வந்தது இதில்தானாம்.

ஆடியமாவாசைக்கு ஒரு மாதமே இருந்தது. நாமும் சற்றும் யோசியாது “ஓடும்” என்றுவிட்டோம்.

வீட்டுக்கு உருட்டி வந்தபின்னரே வேலையின் கனம் புரிந்தது. இறுகிய ஆசனத்தண்டைக் கழற்ற மண்ணெண்ணெய் வேண்டும். மீனவர்களின் படகுகளுக்கே மண்ணெண்ணெய் இல்லாத நாட்கள் அவை. மறுநாள் அதே அம்மையார் தம் விளக்குப் போத்தலிலிருந்து அரைக் கோப்பை ஊற்றிக் கொடுத்தார். அதைச் சொட்டுச் சொட்டாகத் தண்டின் விளிம்பில் விட்டு, காலையும் மாலையும் மரக்கட்டை வைத்துத் தட்டி வந்தோம். ஐந்தாம் நாள் தண்டு ஒரு முனகலோடு திரும்பிற்று. இரும்பிலே இரும்பு பிடித்திருந்தால் பலத்தைவிடப் பொறுமையே விரைவில் வேலை செய்யும்.

இந்தப் பாடத்தை ஒரே நாளில் மறந்தோமென்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெடல் கிராங்குகளை அச்சோடு பிணைப்பது கொட்டர் பின் எனப்படும் சிறிய உருக்கு ஆப்பு. அதைக் கழற்றச் சுத்தியலை எடுத்து ஓங்கினோம். ஆப்பின் தலை காளான்போல் விரிந்து, பின்னுமில்லை முன்னுமில்லையென்று நின்றது. வண்டியைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் திருத்தும் பெரியவரிடம் போனோம். அவர் எம்மை ஒரு பார்வை பார்த்தார். “தம்பி, கீழ முண்டு குடுக்காம அடிச்சா, அடியெல்லாம் உள்ள இருக்கிற குண்டுகளுக்குத்தான் போகும்.” கிராங்கின் கீழே தடித்த இரும்புக் குழாயை நிறுத்தி, விரிந்த தலையை அராவி, ஒரே ஓர் அடி. ஆப்பு கீழே விழுந்தது. மாணவ வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்க: மரையாணியின் நட்டைக் கழற்றாது, ஆப்பின் நுனியோடு சமமாக நிற்கும்வரை தளர்த்தி வைத்து அடித்தால் மரை கெடாது.

அச்சுப் பெட்டியைத் திறந்த பெரியவர், “கிண்ணத்தை எறிஞ்சிடாதீங்க” என்று எச்சரித்தார். அதற்குக் காரணமுண்டு. ஏனைய ஆங்கிலேய வண்டிகளின் அச்சுக் கிண்ணத்தில் ஓர் அங்குலத்துக்கு 24 மரைகள். றலியோ தனக்கென 26 மரைகள் வைத்துக்கொண்டது. சந்தையிற் கிடைக்கும் கிண்ணம் இதில் ஏறாது. வலிந்து ஏற்றினால் சட்டத்தின் மரையே அழியும். உதிரிப் பாகத்துக்கு மீண்டும் தன்னிடமே வர வேண்டுமென்ற வியாபாரத் தந்திரம் போலும் என்பது எமது சந்தேகம். எப்படியாயினும், பழைய கிண்ணங்களைத் துடைத்துப் பளபளப்பாக்கி, பக்கத்துக்குப் பதினொன்றாகக் கால் அங்குலப் புதுக் குண்டுகள் 22ஐக் கிறீசில் பதித்து மூடினோம். கையால் ஒருமுறை சுற்றிவிட, கிராங்கு சத்தமின்றிச் சுழன்றது.

பூச்சைப் பற்றி வீட்டில் இரண்டு அபிப்பிராயங்கள் இருந்தன. முழுவதையும் சுரண்டிப் புதுக் கறுப்பு அடிக்கலாமென்பது இளையவர் கட்சி. நாம் இணங்கவில்லை. சூளையிற் சுட்டெடுத்த அந்தக் காலத்துக் கறுப்புப் பூச்சும், அதன்மேல் மங்கித் தெரியும் பொற்கோடுகளும் ஒருமுறை போனால் போனதுதான். துருப்பிடித்த இடங்களை மட்டும் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சும் கறுப்பும் தொட்டுவிட்டோம். வெள்ளிபோல் மின்ன வேண்டிய குரோமியப் பாகங்களுக்கு, குத்துவிளக்குத் துலக்கும் பழப்புளியே போதுமாயிற்று. பிடிவாதமான புள்ளிகளைக் கசக்கிய அலுமினியத் தாளை நீரில் நனைத்துத் தேய்க்கப் போயின. தேய்த்தவுடன் நன்னீரால் கழுவி, துடைத்து, வெயிலில் காயவைத்து, யந்திர எண்ணெய் பூச வேண்டும். சமையல் எண்ணெய் கூடாது. அது பிசுக்காகி மணலைப் பிடித்துக்கொள்ளும். மதில் விழுந்த நெளிவை நாம் நிமிர்த்தவில்லை.

ரயர் கிடைக்குமோவென்ற பயம் வீணாயிற்று. 28 அங்குலத்துக்கு ஒன்றரை என்ற அந்தப் பழைய அளவு இந்திய வண்டிகளிலும் தொடர்ந்து வந்ததால் நம் நகரத்துக் கடையிலேயே இருந்தது. விலைதான் இரண்டு முறை கேட்கவைத்தது. கம்பி பிறேக்குகளுக்குப் புது இறப்பர்க் கட்டைகள் பூட்டினோம். ஆனால் ஒன்று சொல்லிவிட வேண்டும்: மழையில் நனைந்த குரோமிய ரிம்மை இந்தப் பிறேக் உடனே நிறுத்தாது. மாரிக்காலத்தில் சந்திக்கு வருமுன்பே பிடிக்கப் பழக வேண்டும்.

மிஞ்சியது அந்த மூன்று கியர்க் குடம். அதைத் திறக்க நாம் துணியவில்லை, திறக்கவும் தேவைப்படவில்லை. 1936இல் விற்பனைக்கு வந்த இவ்வகைக் குடத்தின் உள்ளே, சூரியனைச் சுற்றும் கிரகங்கள்போல் நடுப்பற்சக்கரத்தைச் சுற்றி நான்கு சிறு சக்கரங்கள் ஓடுகின்றன. நடுக் கியரில் சக்கரம் பின்பற்சக்கரத்தோடு ஒன்றாகவே சுழலும்; முதற் கியரில் அதன் முக்கால் வேகம்; மூன்றாவதில் அதன் வேகத்தோடு மூன்றிலொரு பங்கு கூடுதல். குடத்திலுள்ள சிறு எண்ணெய்த் துவாரத்தில் மெல்லிய எண்ணெய் இரண்டு கரண்டி விட்டு ஒரு நாள் கிடக்கவிட்டோம். தார்போல் கறுத்த எண்ணெய் வழிந்தது. பின் மூன்று கியர்களும் ‘டிக், டிக்’ என்று விழத் தொடங்கின. பெரியவர் ஒன்றை மாத்திரம் வற்புறுத்தினார். நடுக் கியரில் வைத்து, வலப்பக்க நட்டின் துவாரத்தூடே பார்த்தால், சங்கிலி பூட்டிய தண்டின் தோள் அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். சமமில்லாவிட்டால் நடுக் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் இடையே வெறும் பள்ளமொன்றுண்டு; எழுந்து மிதிக்கும்போது அதில் விழுந்தால் பெடல் வெறுமனே சுழல, ஓட்டுபவர் முன்தண்டில் மோதுவார்.

செலவுக் கணக்கையும் வாசகர் அறிய விரும்புவர். ரயர், ரியூப், செயின், குண்டுகள், கட்டைகள், பெரியவரின் கூலி யாவும் சேர்ந்து 14,000 ரூபாவுக்குச் சற்று மேல். வண்டி விலையோடு கூட்டினால் 29,000. மகன் கேட்ட தொகை ஏறத்தாழ வந்துவிட்டதே என்று மனைவியார் சுட்டிக் காட்டினார். ஆசனத்தைக் கணக்கிற் சேர்க்கவில்லை. வளைந்த தோலை ஈரத்துணியால் சுற்றி வைத்து, மெல்லப் பதப்படுத்தி, அதையே மீண்டும் பூட்டினோம்.

அவ்வாண்டு ஆடியமாவாசை யூலை 28இல் வந்தது. விடியற்காலை, கச்சான் காற்று எழும்பு முன்னே, கல்லடியிலிருந்து புறப்பட்டோம். வாவி அசையாது கிடந்தது. பாலத்தின் மேல் நடுக் கியர். நகரத்துக்குள் மூன்றாம் கியர். ஏறத்தாழ இருபது கிலோகிராம் எடையுள்ள வண்டி, ஒருமுறை வேகம் பிடித்தபின் தன் பாரத்தாலேயே ஓடிற்று. அமிர்தகழியை நெருங்க நெருங்கத் தீர்த்தத்துக்குப் போகும் சனம் வீதியை அடைத்தது. இறங்கி உருட்டினோம்.

அம்மையார் நீராடி வந்து, ஈரத் தலையோடு படலையருகில் நின்றார். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். நெளிந்த மட்காட்டின் மேல் கையை வைத்தார். பின்பு, “மணி அடிச்சுக் காட்டு, மனே” என்றார். அடித்தோம். மணிக்குள் துரு இன்னும் இருந்தபடியால் பாதிச் சத்தமே வந்தது. “இது அவர்ட மணி இல்ல, அது எப்பவோ உடைஞ்சு போயிற்று” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனவர், தேநீரோடு திரும்பி வந்தார்.

வண்டி இப்போதும் ஓடுகிறது. கச்சான் வீசும் பிற்பகல்களில் கல்லடியிலிருந்து நகரத்துக்கு வரும்போது முதற் கியர் சிலவேளை வழுக்குகிறது. சங்கிலியை அரைச் சுற்று இறுக்கிப் பார்க்க வேண்டும்.