தடுப்பூசியும் கால இடைவெளியும்

கல்வியைப் போலவே நோய்த்தடுப்பும் ஒரு நாளில் முற்றுப்பெறுவதன்று. முதல் ஊசி ஏற்றப்பட்டதும் பாதுகாப்பு நிறைந்துவிட்டதெனக் கருதுவோர் பலர். ஒரே மருந்து பன்முறை ஏற்றப்படுவதேன், தவணைகளுக்கிடையே வாரங்களும் மாதங்களும் விடப்படுவதேன் என்னும் வினாக்களுக்கு, ஆந்திராக்சு எனப்படும் அடைப்பான் நோயின் வரலாறு தக்க விடை பகர்கின்றது.

கால்நடைகளைக் கொல்லும் இந்நோய், அவற்றின் தோல், உரோமம், இறைச்சி வாயிலாக மனிதரையும் பற்றுவது. 1881ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் பூயி-லெ-போர் என்னுமிடத்தில் லூயி பாச்சர், வலுக்குறைத்த கிருமிகளை 24 செம்மறியாடுகளுக்கு மே 5ஆம், 17ஆம் நாள்களில் ஏற்றினார். இரண்டாம் தவணையின் கிருமி முதலாவதிலும் வலியது. மே 31இல் அவ்வாடுகளுக்கும், தடுப்பூசி பெறாத வேறு 24 ஆடுகளுக்கும் கொடிய கிருமிகள் ஏற்றப்பட்டன. ஜூன் 2ஆம் நாளில் முன்னவை உயிருடன் நின்றன, பின்னவை மாண்டொழிந்தன.

ஐக்கிய அமெரிக்காவில் 1970இல் மனிதருக்கென அனுமதிபெற்ற தடுப்பூசியில் உயிருள்ள கிருமி இல்லை. கிருமி சுரக்கும் புரதமொன்றே அதன் தலையாய கூறு. அப்புரதத்தை முதன்முறை எதிர்கொள்ளும் உடல், பிறபொருளெதிரிகளை மெல்லவும் சிறிதளவிலுமே ஆக்குகின்றது. அவையும் காலப்போக்கிற் குறைகின்றன. ஆயினும் ஞாபகக் கலங்கள் எஞ்சுகின்றன. இடைக்காலத்தில் நிணநீர்க்கணுக்களிலே, புரதத்தை இறுகப் பற்றவல்ல கலங்கள் தெரிந்தெடுக்கப்பட்டுப் பெருகுகின்றன. அடுத்த தவணை அவற்றைத் தூண்டும்போது, பிறபொருளெதிரிகள் விரைவாகவும் மிகுதியாகவும் தோன்றுகின்றன. எனவே இடைவெளி வீண்காலமன்று. உடல் பயிலுங் காலமேயாகும்.

இத்தடுப்பூசி தொடக்கத்தில் 0, 2, 4 வாரங்களிலும் 6, 12, 18 மாதங்களிலுமாக ஆறு முறை தோலின் கீழ் ஏற்றப்பட்டது. இரண்டாம் வாரத் தவணையை நீக்கித் தசையில் ஏற்றினால் என்னாகும் என ஆராயப்பட்டது. 1,005 பேரின் முடிவுகள் 2008இல் வெளிவந்தன. எட்டாம் வாரத்தில் அம்முறையினரின் பிறபொருளெதிரி குறைந்திருந்தது. ஆறாம் மாதத் தவணைக்குப் பின், ஏழாம் மாதத்தில், அது பழைய முறையினரதற்குத் தாழாது நின்றது. அவ்வாண்டின் இறுதியில் தவணைகள் ஐந்தாகக் குறைக்கப்பட்டன.

இவ்விதி நம் இல்லங்களையும் தொடுவது. தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி ஆகியவற்றுக்கான முக்கூட்டுத் தடுப்பூசி இலங்கையில் 1961இல் அறிமுகமாயிற்று. இன்று நுகேகொடையிலாயினும் கொட்டாஞ்சேனையிலாயினும், குழந்தைக்கு 2, 4, 6 மாதங்களில் ஐங்கூட்டுத் தடுப்பூசியும், 18 மாதத்திலும் 5 வயதிலும் ஊக்கத் தவணைகளும் உரியன. இவற்றை இடையிற் கைவிடின் குழந்தையின் காப்பு குறைபட்டே நிற்கும். தவணையொன்று தவறிற்றென்று நாணியோ அஞ்சியோ சிகிச்சை நிலையத்தைத் தவிர்த்தலும் தகாது. உடலின் ஞாபகம் எளிதில் அழிவதன்று. ஆதலால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டுவதில்லை. விட்ட இடத்திலிருந்து தாமதமின்றித் தொடர்தலே முறை.