கம்பத்தைச் சுற்றும் பந்து: டெதர்பால் எப்படி இயங்குகிறது?

உறியடிப் பானையை ஏற்றி இறக்கிப் போக்குக் காட்டுவதும், மாமரக் கிளையில் சாக்ஸுக்குள் பந்தைத் தொங்கவிட்டு பேட்டிங் பழகுவதும் திருநெல்வேலிப் பக்கம் புதிதல்ல. அமெரிக்கப் பள்ளி மைதானங்களில் ஆடும் டெதர்பாலும் அந்த இனம்தான். 10 அடிக் கம்பம், உச்சியில் கயிறு, கயிற்று நுனியில் பந்து. எதிரெதிரே நிற்கும் இருவரில் ஒருவர் வலஞ்சுழியாகவும் மற்றவர் இடஞ்சுழியாகவும் கையால் அடிக்க வேண்டும். கயிறு முழுவதையும் தன் போக்கில் சுற்றிவிட்டவருக்கு வெற்றி. கயிற்றையோ கம்பத்தையோ தொடக் கூடாது.

தயிர் கடையும் மத்தைப் பார்த்திருந்தால் இதன் சூட்சுமம் உடனே பிடிபடும். மத்தில் சுற்றிய கயிற்றை வலக்கை இழுத்தால் ஒரு பக்கம் சுழலும், இடக்கை இழுத்தால் மறுபக்கம். அந்த இரண்டு கைகள்தான் இங்கே இரண்டு ஆட்டக்காரர்கள். ஒருவர் ஏற்றிய சுற்றை அவிழ்த்த பிறகே மற்றவர் தன் சுற்றைத் தொடங்க முடியும்.

ஒரே ஒரு இடத்தில் கதை தலைகீழ். மத்தைத் தூணோடு சேர்க்கும் வளையம் தளர்வாக இருந்தால்தான் மத்து திரும்பும். இங்கே உச்சி முடிச்சு இம்மியும் நகரக் கூடாது. வளையம் பைப்பில் வழுக்கினால் பந்து பொழுதெல்லாம் சுற்றினாலும் கயிறு ஒரு சுற்றுகூட ஏறாது. ஆகவே பைப்பில் துளை போட்டு, கொக்கி போல்ட்டை முடுக்கி, அதில் கட்டுங்கள்.

அடுத்தது பருமன். ஒல்லி மத்து அதே இழுப்புக்குக் கூடுதலாகச் சுழலும் அல்லவா? 2 அங்குல ஜி.ஐ. பைப்பின் வெளிச்சுற்றளவு ஏறக்குறைய 19 செ.மீ. 7 அடிக் கயிறு அதில் சுமார் 11 சுற்றில் தீர்ந்துவிடும். ஒன்றரை அங்குலப் பைப் என்றால் 14 சுற்று வரை இழுக்கும். சிறு பிள்ளைகளுக்கு இதுவே நல்லது, தோற்பவருக்கு மீள இடம் கிடைக்கும்.

கயிறு குறையக் குறையப் பந்து வெறிபிடித்துச் சுற்றுவதுபோலத் தெரியும். உண்மையில் வேகம் கூடுவதில்லை. ஓட வேண்டிய வட்டம் சிறுக்கிறது, அதனால் சுற்றுகள் அடுத்தடுத்து வருகின்றன. முதல் சில சுற்றிலேயே மறிக்க வேண்டும். அடிப்பவர் பந்தைச் சற்று மேல்நோக்கித் தட்டினால் அது எதிராளியின் தலைக்கு மேலே போய், தன் பக்கம் தாழ்ந்து வரும். குட்டையானவருக்கு முதல் அடியைக் கொடுப்பது நியாயமான வீட்டு விதி.

12 அடிப் பைப்பில் 2 அடியைக் கான்கிரீட்டில் புதையுங்கள். வயல்மண் நனைந்தால் வெறுங்குழியில் நட்ட கம்பம் சாயும். வாடகை வீடென்றால் லாரி டயருக்குள் கான்கிரீட் நிரப்பி நடலாம். பழைய வாலிபாலை வலைப்பையில் போட்டுக் கட்டினால் போதும். சுற்றிலும் 10 அடி வெறுமையாக இருக்கட்டும்.

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்று லேசான பந்தை ஒரே பக்கம் தள்ளும். கம்பத்தை வீட்டுக்குக் கிழக்கே நட்டால் சுவர் காற்றை மறிக்கும்.