சின்ன ஹீட்டர் போட்டால் கரண்ட் பில் குறையுமா?

மார்கழிக் காலையில் திருவேற்காட்டு வீடொன்றில் 20 லிட்டர் வாளித் தண்ணீர் 25 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குளிக்க 40 டிகிரி போதும். 1500 வாட் ராடு அதை 14 நிமிடத்தில் சூடாக்கும். 1000 வாட் ராடுக்கு 21 நிமிடம். ஆனால் இரண்டிலும் செலவு ஒன்றுதான்: ஏறக்குறைய 0.35 யூனிட். குழாய் பெரிதோ சிறிதோ, குடம் நிறைய வேண்டிய தண்ணீர் மாறாது அல்லவா? ஒரு லிட்டரை ஒரு டிகிரி உயர்த்த 4.2 கிலோஜூல் வேண்டும். ஒரு யூனிட்டில் இருப்பது 3600 கிலோஜூல். வாட் தீர்மானிப்பது நேரத்தை மட்டுமே.

‘மெதுவாகக் காய்ந்தால் சிக்கனம்தானே?’ என்பீர்கள். நேர்மாறு! காயும் நேரமெல்லாம் வாளி காற்றுக்கும் சூட்டை இழக்கிறது. அதனால் சின்ன ராடுக்கே செலவு ஒரு துளி கூடும். அரை வாளியைக் கொதிக்கக் காய்ச்சிப் பச்சைத் தண்ணீர் விளாவினாலும் லாபமில்லை. சூடு கூடக்கூட இழப்பும் கூடும். தண்ணீரைக் குறைப்பதும், வாளியை மூடி வைப்பதும், 40 டிகிரியில் நிறுத்துவதும்தான் பில்லைக் குறைக்கும். சூடு பார்க்கிறீர்களா? பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வையுங்கள்.