சரிவே பம்பி: மலையக மரக்கறித் தோட்டங்களில் நீர்ச் சிக்கனம்

நுவரெலியாவில் ஆண்டுக்குச் சுமார் 1,900 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அங்கே நீர்ச் சிக்கனம் எதற்கு? ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைந்துவிடும். உறைபனி செடியைக் கருக்குவதும் பெரும்பாலும் அப்போதுதான். ஓடையும் பீலியும் மெலியும். லயத்துக் குடும்பங்கள் குடிக்கவும் குளிக்கவும் நம்பியிருப்பதும் அதே நீரைத்தான்.

ஓடையில் நீர்ப்பம்பியை வைத்து ஹோஸ் குழாயால் பாத்தியை நனைப்பது பழகிப்போன வழி. எண்ணெய்ச் செலவோடு இதில் இன்னொரு நட்டமும் உண்டு. சரிவில் வேகமாக விழும் நீர் மண்ணில் இறங்காமல் வழிந்தோடி, மேல்மண்ணையும் உரத்தையும் மகாவலியின் மேல் நீரேந்துப் பகுதிக்கு அடித்துச் செல்கிறது. கொத்மலை போன்ற நீர்த்தேக்கங்களில் படிவது இத்தகைய மண்தான்.

சொட்டுநீர் முறைக்கு மாறினால் எவ்வளவு நீர் மிச்சப்படும்? ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் பொதுக் கணிப்பின்படி, பாய்ச்சும் நீரில் பயிருக்குப் பயன்படுவது வாய்க்கால் முறையில் சுமார் 60 வீதம், தெளிப்பானில் 75, சொட்டுநீரில் 90. பயிருக்கு நாளொன்றுக்கு 4 மில்லிமீற்றர் நீர் வேண்டுமென வைத்துக்கொண்டால், 20 பேர்ச்சஸ் நிலத்துக்கு வாய்க்காலில் ஏறத்தாழ 3,400 லீற்றர் பாய்ச்ச வேண்டும். சொட்டுநீருக்கு 2,250 லீற்றர் போதும்.

மலைச்சரிவு இதற்குத் தோதானது. நீர் 10 மீற்றர் கீழிறங்கினால் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். சொட்டுநீருக்கு அது தாராளம். மேட்டில் ஒரு தாங்கி இருந்தால் பம்பியே தேவையில்லை. பிரதான குழாயைச் சரிவு வழியே இறக்கி, கிளைக் குழாய்களைச் சம உயரக் கோட்டில் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் கீழ்ப்பாத்தி நனைய, மேல்பாத்தி காயும். ஓடை நீரில் மண் கலந்திருப்பதால் வடிகட்டியும் கட்டாயம்.

எல்லாப் பயிருக்கும் ஒரே முறை சரிவராது. நெருக்கமாக வளரும் கரட், லீக்ஸுக்குச் சிறு தெளிப்பான் ஏற்றது. போஞ்சி, தக்காளி, கறிமிளகாய், ஸ்ட்ரோபெரிக்குச் சொட்டுநீர். உருளைக்கிழங்கின் இலை நெடுநேரம் ஈரமாக இருந்தால் வெளிறல் நோய் பரவும் என்பதால், தெளிப்பதைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். எந்த முறையானாலும் பாத்தியில் மூடாக்குப் போட்டால் ஈரம் தங்கும்.

தொழில்நுட்பம் சொல்லித்தர விவசாயப் போதனாசிரியர்கள் இருக்கிறார்கள். சீத்தா எலியவில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையமும் உண்டு. சிக்கல் காணியில் இருக்கிறது. 1992இல் தனியார் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறிய பெருந்தோட்டங்களில், லயத்தைச் சுற்றி மரக்கறி போடும் தொழிலாளர் பலருக்கு அந்த நிலத்துக்கு உறுதி கிடையாது. உறுதி இல்லாதவருக்கு வங்கிக் கடனும் மானியமும் எட்டுவது கடினம். நாளை வெளியேறச் சொன்னால் குழாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம். கட்டிய தாங்கியை என்ன செய்வது?

ஆகவே, உதவ வருகிறவர்கள் குழாய் கொடுப்பதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. தோட்ட நிர்வாகத்திடமிருந்து சில ஆண்டுகளுக்காவது நிலத்துக்கும் நீருக்கும் எழுத்தில் அனுமதி வாங்கித் தரவேண்டும். அது கையில் இருந்தால் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரே தாங்கியைக் கட்டத் துணியும்.