கோர்வைப் புடவையும் அதன் பரிவாரமும்

ஒருவர் உடுத்தியிருக்கும் வஸ்திரங்களும் பூண்டிருக்கும் ஆபரணங்களும் எல்லாமே சமமான அந்தஸ்துடன் நின்று பார்ப்பவர் கண்ணை இழுக்குமானால், கண் ஒன்றிலும் நிலைகொள்ளாமல் அலைந்து களைத்துப்போகும். அவற்றுள் ஏதேனும் ஒன்று பிரதான ஸ்தானத்தை வகித்து, மற்றவை அதன் குறிப்பறிந்து ஒதுங்கி நிற்குமானால், அந்த அலங்காரம் ஆடம்பரமானதாயினும் எளிமையானதாயினும் மனத்தில் பதிந்துவிடும். இவ்வாறு ஒரே ஓர் உடையை நாயகமாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்குப் பரிவாரமாக அமைக்கும் வித்தையை மேல்நாட்டு உடைக்கலை நிபுணர்கள் தனிப் பாடமாகவே போதிக்கிறார்கள். நம் ஊரில் அதற்கென்று பாடசாலை எதுவும் இருந்ததில்லை. பாட்டிமார் சொன்னதையும் தறி காட்டியதையும் வைத்தே காரியம் நடந்து வந்தது. காஞ்சிபுரத்துக் கோர்வைப் பட்டுப் புடவை எப்படி உருவாகிறது என்பதைச் சற்றுப் பொறுமையாகத் தெரிந்துகொண்டவருக்கு, அதனுடன் எதை அணிவது, எதைப் பெட்டியிலேயே விட்டுவிடுவது என்பதில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

பட்டுக்குப் பேர்போன அந்த ஊரில் பட்டு விளைவதுமில்லை, பொன் விளைவதுமில்லை. மல்பெரிப் பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்துப் பட்டுக்கூடுகளிலிருந்து வருகிறது. ஜரிகைக்கு வெகுகாலமாக குஜராத்தின் சூரத் நகரமே பிறந்த வீடு. காஞ்சிபுரம் தருவது கைத்திறன் ஒன்றையே. அந்தக் கைத்திறனுக்குத்தான் 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு என்ற சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது.

பட்டுப்பூச்சி தன் கூட்டைக் கட்டும்போது இழையோடு சேர்த்துக் கசியவிடும் பசையைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் கரைத்து நீக்கிய பிறகே நூலுக்கு அந்தப் பளபளப்பு வருகிறது. அதன்பின் சாயம். சாயம் ஏறிய நூலை, புடவையின் நெடுக ஓடவேண்டிய பாவாக ஓட்டி, விடியற்காலையில் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, அறுந்த இழைகளைத் தேடிப் பிடித்து முடிச்சிட்டு, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவார்கள். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்கள் இந்தக் காரியத்துக்காகவே அளவெடுத்து அமைத்தவை போல நீண்டு கிடக்கின்றன.

இனித் தறி. தரையில் குழி தோண்டி, அதற்குள் கால்களைத் தொங்கவிட்டு மிதிகளை மிதித்து நெய்வது குழித்தறி. சாதாரணப் புடவையானால் ஊடை நூலைச் சுமந்த நாடா ஒன்றே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடித் திரும்பும். அப்படி ஓடும்போது, உடலுக்கு உரிய ஊடையே கரைக்குள்ளும் புகுந்துவிடுவதால், கரைக்குச் சிவப்புப் பாவே போட்டிருந்தாலும் உடலின் பச்சை ஊடை அதனுடன் கலந்து, சிவப்பு தன் கூர்மையை இழந்து மங்கிவிடுகிறது. கோர்வையில் இந்தச் சமரசத்துக்கே இடமில்லை. அங்கே நாடாக்கள் மூன்று: வலக்கரைக்கு ஒன்று, இடக்கரைக்கு ஒன்று, நடுவிலுள்ள உடலுக்கு ஒன்று. உடலின் ஊடை கரையின் எல்லையைத் தொட்டவுடன், அங்கே காத்திருக்கும் கரை ஊடையோடு ஒருமுறை கொக்கியிட்டதுபோல் பின்னிக்கொண்டு, வந்த வழியே திரும்பிவிடும். கரையின் ஊடையும் அவ்வாறே தன் எல்லைக்குள் திரும்பிவிடும். ஆகவே அரக்குச் சிவப்பு அரக்குச் சிவப்பாகவே நிற்க, கிளிப்பச்சை கிளிப்பச்சையாகவே நிற்க, இரண்டுக்கும் நடுவே விரலால் தடவினால் மெல்லிய வரம்பாக உணரத்தக்க ஒரு சந்திப்பு மட்டும் புடவை நெடுக ஓடுகிறது.

மூன்று நாடாக்களை ஒருவரே வீசி இயக்குவது எளிதன்று என்பதால், நெசவாளர் ஒரு பக்கமும் உதவியாள் மற்றொரு பக்கமுமாக உட்கார்ந்துதான் கோர்வை நெய்வது சம்பிரதாயம். அந்த உதவியாளின் இடத்தில் முற்காலத்தில் சிறுவர்களையே உட்காரவைத்தார்கள் என்பது இத்தொழிலின் பெருமைக் கணக்கில் சேராத செய்தி. பள்ளிக்கூடமும் சட்டமும் அந்தப் பிள்ளைகளை மீட்டுக்கொண்டு போனது நல்லதே. ஆனால் ஆள் கிடைக்காமல் கோர்வைத் தறிகள் குறைந்துகொண்டே வந்ததும், கோர்வையின் தோற்றத்தை மட்டும் சுலபமான வேறு வழிகளில் கொண்டுவரும் புடவைகள் கடைகளில் பெருகியதும் அதன் விளைவுகள்தாம்.

உடலும் கரையும் சந்திக்கும் கோடு நேராகவே இருக்கவேண்டும் என்பதில்லை. ஊடைக்கு ஊடை சில இழைகள் உள்ளே ஏறி, பிறகு அவ்வாறே படிப்படியாக இறங்கினால், கோபுரங்களை வரிசையாக நிறுத்தியதுபோன்ற பற்கள் உண்டாகின்றன; தாழம்பூ ரேக்கு என்று கேட்டு வாங்குவது இந்த ஜாதிக் கரையைத்தான். உள்ளே வரும் ருத்ராட்சம், மயில்கண், யாளி, அன்னப்பட்சி, மாங்காய் முதலிய சித்திரங்களை எழுப்புவது ஜக்கார்டு என்ற கருவி. எந்தச் சமயத்தில் எந்தப் பாவிழை மேலே எழவேண்டும் என்பதைத் துளையிட்ட அட்டைகளின் மூலம் தறிக்குச் சொல்லும் இந்த ஏற்பாடு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸ் தேசத்து லியோன் நகரத்தில் பிறந்தது. அது இங்கு வருவதற்கு முன்னால், 'அடை' என்ற நூல்கட்டை மேலே தொங்கவிட்டு, ஒருவர் கையால் இழுத்துக் கொடுக்க மற்றவர் நெய்தார்.

முந்தியின் கதை இன்னும் விசேஷமானது. உடலின் நிறம் ஒன்று, முந்தியின் நிறம் வேறு என்றால், குறுக்கே ஓடும் ஊடையை மாற்றினால் மட்டும் போதாது. நெடுக ஓடும் பாவையே மாற்றியாகவேண்டும். உடல் நெய்து முடிந்த இடத்தில், முந்தியின் நிறத்தில் அமைந்த புதிய பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய பாவின் இழைகளோடு இணைத்து, சிறிது அகலத்துக்கு இரண்டு பாவுகளையும் சேர்த்தே ஊடையால் கட்டி நெய்து, பிறகு பழைய இழைகளை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். இதற்குப் பெட்னி என்று பெயர். இரு நிறங்களும் ஒன்றாகக் கிடக்கும் அந்தச் சிறு பட்டை சற்றுத் தடித்தும் நிறம் கலந்தும் தெரியும். விவரம் அறியாதவர்கள் அதை நெசவுக் குறை என்று எண்ணிப் புடவையை ஒதுக்கிவிடுவதும் உண்டு. கையால் செய்த வேலைக்கு அதுவே அத்தாட்சி. சுமார் 5.5 மீட்டர் நீளமுள்ள ஒரு புடவை, வேலைப்பாட்டுக்குத் தக்கபடி, பத்து நாளிலும் முடியலாம், ஒரு மாதத்தையும் விழுங்கலாம்.

ஜரிகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டிழையின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குப் பொன்முலாம் ஏற்றினால் அசல் ஜரிகை. பொன் மிகச் சிறிதளவே. உலோகக் கனமெல்லாம் வெள்ளியும் அதனுடன் சேரும் செம்பும்தான். ஆனாலும் பார்வைக்கு அந்தச் சிறிதளவு பொன்னே அதிகாரம் செலுத்துகிறது. அந்த மஞ்சள் ஒளி பழகப் பழகத் தணிந்து, அடக்கமான ஒரு பிரகாசமாக மாறும். போலி ஜரிகையோ முதல் நாள் மின்னிவிட்டு மறுவருஷம் கறுத்துப்போகும்.

இவ்வளவையும் சொல்லக் காரணம் உண்டு. கோர்வைப் புடவை என்பது, பகைத்துக்கொள்ளக்கூடிய இரண்டு நிறங்களை அதனதன் முழுப் பலத்தோடு நிறுத்தி, எல்லையில் மட்டும் பிணைத்து வைத்திருக்கும் பூரணமான ஓர் அலங்காரம். வாதமும் பிரதிவாதமும் அதற்குள்ளேயே நடந்து தீர்ந்துவிட்டன. இதன்மேல் மூன்றாவதாக ஒரு வண்ணத்தை ரவிக்கையின் வழியாகக் கொண்டுவந்து நுழைப்பது, முடிந்த வழக்கை மறுபடி கிளறுவதாகும். ஆகையால் கோர்வைக்கு ரவிக்கை கரையின் நிறத்திலோ முந்தியின் நிறத்திலோ இருப்பதே லக்ஷணம். நெசவாளரும் புடவையோடு சேர்த்து நெய்துகொடுக்கும் ரவிக்கைத் துண்டைப் பெரும்பாலும் அந்த நிறத்திலேயே விடுகிறார். மயில்கழுத்து போன்ற நிறங்களில் சங்கதி வேறு. அங்கே பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். நீலமும் பச்சையும் கொசுவத்தின் ஒவ்வொரு மடிப்பிலும் மாறி மாறித் தலைகாட்டும். அந்தக் கலப்பின் நடுநிறம் எது என்று தேடிப்போய், ஒரே சாயத்தில் தோய்த்த துணியை வாங்கி ரவிக்கை தைத்தால், உயிருள்ள புடவைக்குப் பக்கத்தில் அது செத்த நிறமாகத்தான் விழுந்து கிடக்கும். இரண்டில் ஒன்றைத் துணிந்து எடுத்துக்கொள்வதே உசிதம்.

முந்தானையை எப்படி விடுவது என்பதைத் தீர்மானிக்காமல் நகைப் பெட்டியைத் திறப்பது வீண்வேலை. முந்தி கனமான வேலைப்பாடு உடையதானால், அதை மடித்துத் தோளில் ஊசி குத்தி ஒடுக்கிவிடுவது, பெட்னி போட்டவரின் உழைப்பையும் முந்தியின் சித்திரத்தையும் சேர்த்து மறைப்பதாகும்; விரித்து ஒற்றையாக விடவேண்டும். அப்படி விட்டால் இடக்கை ஏறக்குறைய முழுவதும் மூடிக்கொள்ளும், இடுப்பும் மறையும். ஆகவே இடக்கைக்கு வங்கியும் இடுப்புக்கு ஒட்டியாணமும் பூண்டு பயனில்லை. முந்தி எளிமையாக இருந்து கரை மட்டும் அகலமாக இருந்தால், மடித்துக் குத்திக்கொண்டு ஒட்டியாணத்துக்கு இடம் கொடுக்கலாம். உயரம் குறைந்தவர்கள் முழங்கால்வரை ஏறும் கரையை உடுத்தினால் உருவம் இரண்டாக வெட்டுண்டதுபோல் தோன்றும் என்று பெரியவர்கள் எச்சரிப்பதில் நியாயம் இருக்கிறது.

நகைகளின் விஷயத்தில் ஜரிகையே நீதிபதி. ஜரிகை நிறைந்த புடவைக்கு எதிரே பளிச்சென்று மெருகிட்ட புதுத் தங்கத்தைக் கழுத்து நிறையப் போட்டால், ஒரே மஞ்சள் ஒளிக்கு இரண்டு பேர் போட்டியிட்டு இருவரும் தோற்பார்கள். கெம்பு பதித்த அட்டிகையோ மாங்காய் மாலையோ ஒன்றே ஒன்று, அதிலுள்ள சிவப்பு கரையின் சிவப்பை எட்டிப் பார்க்கும்படி அமைந்தால் போதும். வைரம் வேறு குணமுடையது. அதன் ஒளி வெண்மையானது, இடமும் சிறிது கேட்பது, ஆகவே எந்தக் கோர்வையோடும் சண்டைக்குப் போகாது. கூந்தலில் கனகாம்பரத்தைவிட மல்லிகை எப்போதும் அபாயமற்றது. கனகாம்பரத்தின் நிறம் கரையின் நிறத்தைப் பார்த்து வைக்கவேண்டிய நிறம்.

இந்தக் கலையின் உத்தமமான உதாரணம் எவரென்று கேட்டால், தமிழ்நாட்டில் பலர் வாயிலும் வரும் பெயர் எம்.எஸ். சுப்புலக்ஷ்மிதான். பக்கவாத்தியக்காரர் மூவர் மேடையில் இருந்தாலும் கச்சேரி பாடகருடையதாகவே இருப்பதுபோல, அவருடைய கோலத்தில் பட்டுப் புடவை ஒன்றே பாடும். காதில் வைரத்தோடு, மூக்கின் இருபுறமும் வைர மூக்குத்தி, நெற்றியில் குங்குமம், தலையில் மல்லிகை ஆகியவை தாளம் தவறாமல் உடன்வரும். 1966ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையின் மண்டபத்தில் பாடப் போனபோதும் அவர் கொண்டுபோனது அந்தக் கோலத்தைத்தான். காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் அவருக்காக உருவாக்கிய நீலநிறம், 'எம்.எஸ். நீலம்' என்ற பெயரில் இன்றும் கடைகளில் கேட்டு வாங்கப்படுகிறது. மற்றொருவர் ருக்மிணிதேவி அருண்டேல். 1936இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய அவர், நாட்டியத்தோடு நில்லாமல் தறிகளையும் அங்கே நிறுத்தி, மறைந்துகொண்டிருந்த பழைய கரைகளையும் சித்திரங்களையும் மீண்டும் நெய்யவைத்தார். கலாக்ஷேத்திரப் புடவை என்றாலே அகன்ற கரையும் அழுத்தமான நிறமாறுபாடும் நினைவுக்கு வருகின்றன; அதனோடு மற்ற அலங்காரங்கள் மிகக் குறைவாக இருப்பதே அழகு.

இன்றைய கல்யாண மண்டபங்களில் இந்த ஒழுங்கு தலைகீழாகிவிட்டது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆரி வேலைப்பாடு செய்த ரவிக்கை என்று ஒன்று வந்திருக்கிறது. முழங்கைவரை மணியும் கல்லும், முதுகில் தேர், பல்லக்கு, சில சமயம் மணமக்களின் பெயர்கள்! புடவையின் விலைக்குப் போட்டியாகத் தையல் கூலி கொடுத்து அதை அணிந்துகொண்டு, அதன்மேல் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு மாலைகளையும் ஏற்றிவிட்டால், நாள்கணக்கில் இரண்டு பேர் தறியில் உட்கார்ந்து பின்னிய கோர்வைக்கு வெறும் பின்னணித் துணியின் மரியாதைதான் மிஞ்சுகிறது. ஆரி வேலை செய்யும் கைகளின் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த ரவிக்கையே நாயகமாக இருக்கட்டும் என்றால், கரையில்லாத ஒரே நிறப் பட்டை உடுத்திக்கொள்வதுதானே முறை? இரண்டு நாயகர்களை ஒரே மேடையில் ஏற்றுவதுதான் பிழை. இந்த விஷயத்தில் பக்கத்தில் உட்காரும் மாப்பிள்ளை அதிருஷ்டசாலி. சேலத்து வெண்பட்டு வேட்டியும் அதன் ஜரிகைக் கரையும் அவருக்கு வேறு யோசனையே வைப்பதில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு யோசனைகள். கடையில் புடவையை விரித்துக் காட்டும்போது கரையும் உடலும் சேரும் கோட்டைத் தடவிப் பாருங்கள். பிறகு திருப்பிப்போட்டு, கரையின் நிறம் பின்புறத்திலும் கலப்பின்றி இருக்கிறதா என்று கவனியுங்கள். ரவிக்கைத் துணிக்கும் நகைக்கும் போகும்போது, நிறத்தை நினைவில் வைத்துக்கொண்டு போகாமல் புடவையையே கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடை விளக்கின் கீழே முடிவு செய்யாமல், வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.