எல்லா மூச்சுத் திணறலும் வாயுப் பிடிப்பு இல்லை!



பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் குழம்பு, பூண்டு லேகியம், குழந்தைக்கு உரை மருந்து என்று நம் பக்கத்தில் எத்தனையோ விஷயங்களைப் படித்துப் பயன் அடைந்திருக்கிறோம். ஆனால் பிள்ளை பெற்றவள் திடீரென்று, "நெஞ்சு குத்துது, மூச்சு விட முடியலை" என்று சொன்னால் என்ன செய்ய வேண்டும்? "வாயு பிடிச்சிருக்கும், ஓமத் தண்ணி குடி" என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் முதல் பதில். பல சமயம் அது வாயுவாகவே இருக்கலாம். அப்படி இல்லாத ஒரு சமயம் உண்டு. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சில வருடங்களுக்கு முன் என் நாத்தனார் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். சிசேரியன். தாயும் பிள்ளையும் நன்றாகத்தான் வீடு வந்து சேர்ந்தார்கள். பதினோராம் நாள் காலை, பாத்ரூம் போய் வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அண்ணி, மூச்சை இழுத்தா வலது பக்கம் கத்தி மாதிரி குத்துது" என்றாள். என் மாமியார் கஷாயம் வைத்துக் கொடுத்தார். சாயங்காலம் ஒரு கிளினிக்கில் காட்டினோம். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றுமில்லை, கேஸ் ட்ரபிள்தான் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள்.

மறுநாள் குழந்தையைப் பார்க்க வந்த கிராம சுகாதார நர்சம்மாதான் அவள் மூச்சு வாங்குவதைக் கவனித்தார். உடனே போர்வையை விலக்கி இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது. கால் இழுக்கிறது என்று அவள் மூன்று நாளாகச் சொல்ல, சுளுக்கு என்று நினைத்து மாமியார் எண்ணெய் போட்டு நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"இனிமே இந்தக் காலை யாரும் நீவாதீங்க. இது வாயு இல்லீங்கம்மா, 108-க்கு போன் பண்ணுங்க" என்றார் நர்சம்மா.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோது இரண்டு நுரையீரல்களிலும் ரத்தக்கட்டிகள் அடைத்திருப்பது தெரிந்தது. அன்று ராத்திரியே மருந்து ஆரம்பித்தார்கள். பிழைத்துக்கொண்டாள். அப்போது டாக்டர் விளக்கிச் சொன்னதையும், பிறகு நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

கட்டி உண்டாவது பெரும்பாலும் காலில். கெண்டைக்கால், தொடை இவற்றின் ஆழத்தில் ஓடும் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகிறது. அதில் ஒரு துண்டு பிய்ந்து, ரத்தத்தோடு மேலே ஏறி, இதயத்தின் வலது பக்கம் வழியாக நுரையீரலுக்குப் போய் அங்கே குழாயை அடைத்துக்கொள்கிறது. டாக்டர்கள் இதை 'பல்மனரி எம்பாலிசம்' என்கிறார்கள். அடைப்பு சிறியது என்றால் மூச்சு வாங்கும், வலிக்கும். பெரியது என்றால் சில நிமிடங்களில் உயிரே போய்விடும்.

ரத்தம் ஏன் இப்படி உறைகிறது? ரத்த ஓட்டம் மந்தமாவது, குழாயின் சுவரில் அடிபடுவது, ரத்தமே சீக்கிரம் உறையும் தன்மை அடைவது என்று மூன்று காரணங்கள் உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த ருடால்ஃப் விர்கோ என்ற மருத்துவர்தான் 19-ம் நூற்றாண்டில் இந்த நோயின் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தார். அவர் பிறந்த அக்டோபர் 13-ஐத்தான் 2014 முதல் உலக ரத்த உறைவு தினமாக அனுசரிக்கிறார்கள்.

பிள்ளை பெற்றவள் உடம்பில் இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்கின்றன. பிரசவத்தில் ரத்தம் அதிகம் போய்விடாமல் இருக்க, கர்ப்ப காலத்திலேயே ரத்தம் சீக்கிரம் உறையும்படி இயற்கை ஏற்பாடு செய்துவிடுகிறது. பெருத்த கர்ப்பப்பை கால்களில் இருந்து வரும் ரத்தக் குழாயை அழுத்துகிறது. இடது கால் குழாய்க்கு அந்த அழுத்தம் அதிகம் என்பதால் கர்ப்பிணிகளுக்கு அந்தக் காலில்தான் கட்டி அதிகமாக வருகிறது. சிசேரியன் என்றால் ஆபரேஷன் காயமும் சேர்கிறது. இந்த ஆபத்து பிரசவத்தோடு முடிவதில்லை. அதற்குப் பிறகு வரும் ஆறு வாரம்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம்.

அந்த ஆறு வாரத்தில் நாம் என்ன செய்கிறோம்? "பச்சை உடம்புக்காரி, எந்திரிக்காதே" என்று படுக்க வைக்கிறோம். "தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும்" என்று தாகத்துக்குக்கூட அளந்து கொடுக்கிறோம். பாசத்தில் செய்வதுதான். ஆனால் அசையாமல் கிடப்பதும், உடம்பில் நீர் வற்றுவதும் ரத்தம் உறையத் துணை போகின்றன.

டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்சுக்கு நேர்ந்ததையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 2017 செப்டம்பர் 1-ல் அவருக்கு சிசேரியனில் பெண் குழந்தை பிறந்தது. மறுநாளே மூச்சுத் திணறல். 2011-லேயே நுரையீரலில் ரத்தக்கட்டி வந்து பிழைத்தவர் என்பதால், என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. தானே நடந்து போய் நர்சிடம், "எனக்கு சி.டி. ஸ்கேன் வேண்டும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து வேண்டும்" என்று கேட்டார். வலி மருந்தின் மயக்கத்தில் உளறுகிறார் என்று அந்த நர்ஸ் நினைத்தாராம். முதலில் காலில் மட்டும் ஸ்கேன் செய்தார்கள், அதில் ஒன்றும் இல்லை. அவர் விடாமல் கேட்ட பிறகு நுரையீரலை சி.டி. எடுத்தார்கள். பல சிறு கட்டிகள் இருந்தன. 2018-ல் வெளிவந்த பேட்டியில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். உலகமே அறிந்த பெண்ணுக்கே விடாமல் கேட்க வேண்டியிருந்தால், வாய் திறந்து பேசக் கூச்சப்படும் நம் பெண்களின் கதி என்ன, யோசியுங்கள்!

எந்த அறிகுறிகளைப் பார்க்க வேண்டும்? திடீரென்று வரும் மூச்சுத் திணறல், மூச்சை இழுக்கும்போது குத்தும் நெஞ்சு வலி, காரணமில்லாத படபடப்பு, இருமலில் ரத்தம், எழுந்தால் தலைசுற்றி மயக்கம் வருவது. இவற்றோடு ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, சூடு இருந்தால் சந்தேகம் இன்னும் பலப்படுகிறது. ஆனால் கால் நன்றாக இருந்தும் நுரையீரலில் கட்டி இருக்கலாம். கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அந்தக் கருவி வீட்டில் இருந்தால் மாட்டிப் பாருங்கள். எண் குறைந்தால் ஆபத்து நிச்சயம். எண் சரியாக இருக்கிறது என்பதற்காக மட்டும் வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் எடுக்கும் டெஸ்டுகளைப் பற்றியும் தெரிந்திருப்பது நல்லது. ஈ.சி.ஜி.யும் மார்பு எக்ஸ்ரேயும் முதலில் எடுப்பார்கள். மாரடைப்பா, நிமோனியாவா என்று பார்க்க அவை உதவும். கட்டி இருக்கும்போதும் இரண்டும் கிட்டத்தட்ட சரியாகவே இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். 'டி-டைமர்' என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. சந்தேகம் குறைவாக இருப்பவர்களுக்கு அது நார்மல் என்றால் கட்டி இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம். பிரசவத்துக்கும் ஆபரேஷனுக்கும் பிறகு அது எப்படியும் ஏறித்தான் இருக்கும். எனவே அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. காலில் 'டாப்ளர்' ஸ்கேன் எடுப்பார்கள், வலி கிடையாது. உறுதியாகச் சொல்வது கையில் ஊசி வழியாகச் சாய மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன். கிட்னி கோளாறோ, முன்பு சாய மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த ஸ்கேனுக்காகத் தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை. கர்ப்பிணி என்றாலும் அவசியப்பட்டால் ஸ்கேன் எடுக்கத்தான் வேண்டும். தாய் இருந்தால்தானே பிள்ளை!

சரியாகக் கண்டுபிடித்தால் என்ன பலன் என்று கேட்கலாம். 1960-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர டாக்டர்கள் பாரிட், ஜோர்டன் இருவரும் இந்த நோயாளிகளில் 16 பேருக்கு ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்தார்கள். ஒருவர்கூட ரத்தக்கட்டியால் இறக்கவில்லை. மருந்து கொடுக்காத 19 பேரில் 5 பேர் அதனாலேயே இறந்துபோனார்கள். அன்று கொடுத்த 'ஹெப்பாரின்' ஊசிதான் இன்றும் முக்கிய மருந்து. அதன் பிறகு குறைந்தது மூன்று மாதம் மாத்திரையோ ஊசியோ தொடரும். பால் கொடுக்கிற தாய் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கேற்ற மருந்து இருக்கிறது. 'வார்ஃபரின்' மாத்திரை என்றால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். கீரையை ஒரு நாள் அள்ளிச் சாப்பிட்டு மறுநாள் விட்டுவிடாமல், ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும். கேட்காமல் வலி மாத்திரையோ நாட்டு மருந்தோ சேர்க்கக் கூடாது.

இது பிள்ளை பெற்றவர்களுக்கு மட்டும் வருவதல்ல. இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் மாமியார், மூட்டு ஆபரேஷன் செய்த அப்பா, புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள் எல்லோருக்கும் இந்த ஆபத்து உண்டு. 1940-ல் குண்டு வீச்சுக்குப் பயந்து லண்டனில் பதுங்குமிடங்களில் ராத்திரி முழுக்கச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் இதே ரத்தக்கட்டியால் இறந்ததாக, கீத் சிம்ப்சன் என்ற மருத்துவர் அப்போதே எழுதியிருக்கிறார். சென்னைக்கு பஸ்ஸில் மணிக்கணக்காக உட்கார்ந்து போகும்போது நாமும் நடுவில் இறங்கி நாலு அடி நடக்க வேண்டும். இறங்க முடியாவிட்டால் உட்கார்ந்தபடியே குதிகாலை உயர்த்தி இறக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். கோயில் திருவிழா, கல்யாணம் என்று நாள் தள்ளிப் போடும் மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். அதுவும், சில கருத்தடை மாத்திரைகளும், ஏற்கெனவே ரத்தக்கட்டி வந்தவர்களுக்கும், குடும்பத்தில் யாருக்காவது வந்திருப்பவர்களுக்கும், உடல் பருமன் அதிகம் உள்ளவர்களுக்கும் ஆபத்தாக முடியலாம். டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.

சகோதரிகளே, பிள்ளை பெற்ற பெண்ணை டாக்டர் அனுமதித்த உடனே எழுப்பி மெதுவாக நடக்க விடுங்கள். தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள். குளிக்க வைக்கும்போது இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் நீவாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்குகிறது என்று அவள் சொன்னால், ஓமம் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். 2008 முதல் தமிழ்நாட்டில் இலவசமாக ஓடும் வண்டி அது. டாக்டரிடம் மூன்று விஷயங்களை வாய்விட்டுச் சொல்லுங்கள்: பிரசவம் ஆகி எத்தனை நாள், கால் வீக்கம் உண்டா இல்லையா, குடும்பத்தில் யாருக்காவது ரத்தக்கட்டி வந்திருக்கிறதா. பிறகு, "நுரையீரல்ல ரத்தக்கட்டி இருக்குமாங்க டாக்டர்?" என்று கேளுங்கள். இதில் கூச்சம் எதற்கு? கேட்பது நம் வீட்டுப் பெண்ணின் உயிருக்காக.

- ஒரு வாசகி, கம்பைநல்லூர், தர்மபுரி மாவட்டம்.